டட்லியை மீட்ட கதை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை, கண்ணாடி முன் நின்று சபதம் செய்தேன். என் அட்டையை என் மனைவியிடமிருந்து மீட்டே தீருவது!

அட்டை என்றால் பேஸ்பால் அட்டை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து எங்கள் ஊரில், பத்து வயதில், எங்களுக்கிருந்த ஒரே சொத்து. பபிள்கம் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு படஅட்டையில் ஓர் ஆட்டக்காரர், முகமெல்லாம் சர்க்கரைத் தூளோடு சிரிப்பார். பிடிக்காதவரைத் துணிக் கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டுவோம். டர்ரென்று மோட்டார் சத்தம் வரும். பிடித்தவரை முகர்ந்துகொண்டே தூங்குவோம். நான் முகர்ந்தது டட்லி பிரானக்கை. இடதுகைப் பந்துவீச்சாளர். ஒரு கோடை முழுக்கக் கம் மென்று, தாடை வீங்கிய பிறகுதான் எனக்குக் கிடைத்தார்.

பள்ளிச் சுவரை நோக்கி அட்டை வீசுவோம். யாருடையது சுவருக்குப் பக்கத்தில் விழுகிறதோ, இரண்டும் அவருக்கு. எதிர்வீட்டு நடீன், முழங்காலில் கட்டுப்போட்ட ஒன்பது வயதுச் சுண்டெலி, ஒரே வீச்சில் டட்லியைத் தட்டிக்கொண்டு போனாள். திருப்பிக் கேட்க அவள் வீட்டுக்கு நடந்தேன். நடந்து நடந்து கல்யாணமே நடந்துவிட்டது. அட்டை வரவில்லை. ஆசைதான் அட்டையாக ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரம், அவள் கடைக்குப் போகும்போதெல்லாம் கார் ஷெட்டில் ரகசியப் பயிற்சி எடுத்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"நடீன், ஒரு ஆட்டம் போடலாமா? டட்லியை எடுத்துட்டு வா."

"நீ என்ன வைப்பே?"

"என் பெட்டியில இருக்கற அட்டை முழுக்க!"

"தோத்தா அழக் கூடாது, லைல். போன தடவை மூக்கு ஒழுக எங்கம்மாகிட்ட கோள் சொன்னே."

"அப்ப எனக்குப் பத்து வயசு!"

"மூக்கு அதே மூக்குதானே?"

வீசினேன். சுவரிலிருந்து ஒரு விரல் தூரம். நான் துள்ளிக் குதித்துத் தரையிறங்குவதற்குள் அவளுடையது சுவரிலேயே சாய்ந்து நின்றது. அரைமணி நேரத்தில் என் பெட்டி காலி.

"எப்படி நடீன்?"

"முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போனியே. நான் வீட்டுல என்ன பண்ணிட்டிருந்தேன்னு நினைச்சே?"

எனக்கு மூக்கு ஒழுகியது.

"சரி சரி, அழாதே. வேலிக்கு வெள்ளை அடி. டட்லியைத் தரேன்."

நான்கு நாள் வெயிலில் காய்ந்து அடித்தேன். சொன்னபடி தந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து முகர்ந்தேன். சர்க்கரை வாசனை போய், அவள் அலமாரிச் சோப்பு வாசனை வந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாடை வீங்கி வந்து நின்னே பாரு, அன்னிக்கே உன்னைப் பிடிச்சுப்போச்சு. உடனே குடுத்திருந்தா மறுபடி எங்க வீட்டுப் பக்கம் வந்திருப்பியா?"

என் கண் கலங்கியது. இந்தப் பெண்ணுக்கு எதிராகவா சபதம் செய்தேன்!

"லைல்," என்று தோளில் சாய்ந்தாள். "சும்மா, ஆசைக்கு ஒரே ஒரு வீச்சு. டட்லியை வைக்கறியா?"

அடுத்த வாரம் அவள் அக்கா வீட்டு வேலிக்கு வெள்ளை அடித்தேன்.