புளி போட்ட கோங்கூரா

"கோங்கூராவுக்கு யாராவது புளி போடுவாங்களா அண்ணய்யா?"

மதில்சுவருக்கு அந்தப்பக்கமிருந்து பக்கத்து வீட்டு ருக்மிணி கேட்டபோது கிதியோனுக்குச் சிரிப்புதான் வந்தது.

"இந்த வருஷம் புளிச்சகீரையில புளிப்பே இல்லம்மா. ஒரு இலையை மென்னு பார்த்தேன், சப்புனு இருந்துச்சு. அதான் தொக்குல ரெண்டு உருண்டை புளி போட்டேன்."

"புளிப்பு இல்லாத கோங்கூராவா!" அந்தத் தெலுங்கு அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எங்க பறிச்சீங்க?"

செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அங்கேதான் பறித்தார். மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. கோங்கூரா பூத்தால் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அரைகுறையாகத் தெரிந்ததுதான் வம்பாகப் போயிற்று. மிச்சமிருந்த கொத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

"பூ ஒண்ணு போலத்தான் இருக்கும். இலையைப் பாருங்க. கோங்கூரா விரல் விரலா பிரிஞ்சிருக்கும். இது திராட்சை இலை மாதிரி, மேலெல்லாம் சுணை. காயைப் பாருங்க, சுத்தி அஞ்சு ரெக்கை! இது காட்டுச்செடி அண்ணய்யா."

"விஷமா?"

"தெரியாது. எங்க வீட்டுல யாரும் தின்னு பார்த்ததில்ல."

கிதியோன் கொத்தைக் கீழே போட்டார். அந்தத் தொக்கை நேற்றுதான் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்திருந்தார். கர்த்தருக்குக் கொடுப்பதில் முதலில் வாய் வைக்கலாமா என்று ஒரு துளிகூட ருசி பார்க்கவில்லை. அதை ஏலத்தில் எடுத்தவரோ தேவராஜ். மகள் பெர்சிஸுக்கு மாமனாராக வரப்போகிறவர். வருகிற சனிக்கிழமை நிச்சயதார்த்தம்.

அந்த ஏலத்தில் ஒரே சேவல் நாலு தடவை விலைபோகும். எடுத்தவரே சபைக்குத் திருப்பிக் கொடுப்பார், மறுபடி கூவுவார்கள். ஆனால் தேவராஜ் ஜாடியை நெஞ்சோடு அணைத்து வாங்கியதைக் கிதியோன் கண்ணாலேயே பார்த்தார். அந்தப் பூரிப்பில்தான் பந்திக்கு இலை போட ஓடினார்.

பெண் கொடுக்குமுன் சம்பந்திக்கு விஷம் கொடுத்தவன்! செகந்திராபாத் முழுக்கச் சொல்லிச் சிரிக்காதா? மனைவி பியூலாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் சனிக்கிழமைவரை அவரை உயிரோடு விடமாட்டாள்.

தேவராஜுக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, அந்தத் தொக்கு வெயில்ல இன்னும் ஊறணும். இப்பத் தொடாதீங்க."

"அடடா, பாதி தீந்துட்டுதே! சோத்துக்கும் அதான், தோசைக்கும் அதான்."

"வயிறெல்லாம்... நல்லா இருக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. எலிசபெத்துக்குத்தான் நேத்து ராத்திரியிலேர்ந்து கொஞ்சம் வயித்துவலி. ஏன் கேக்குதீங்க?"

"சும்மாதான்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

மத்தியானம் பியூலா சோற்றோடு ஏதோ ஒரு தொக்கு வைத்தாள். பூண்டு தாளித்துக் கொட்டியிருந்தாள். கிதியோன் ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார்.

"இது யார் செஞ்சது?"

"சர்ச்சுல வாங்கினேன். ஏன், நல்லா இல்லியா?"

"இதாம்மா அசல் கோங்கூரா. என்ன புளிப்பு!" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. செய்தால் இப்படிச் செய்ய வேண்டும். பியூலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவருக்குத் தொண்டையில் இறங்கியது அது ஒன்றுதான்.

ஜாடியை மாற்றிவிடுவதுதான் வழி என்று தோன்றியது. சந்தைக்குப் போய்க் கட்டுக்கு ஓர் இலையாகக் கடித்துப் பார்த்தார்.

"வாங்கறதுன்னா வாங்கு! ஆடு மாதிரி மேயறது நக்கோ, வேணாம்!" என்று கீரைக்காரி கட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

அத்தனை கட்டையும் வாங்கித்தான் தப்பிக்க முடிந்தது. பியூலா பிரேயர் கூட்டத்துக்குப் போன நேரத்தில் திருட்டுத்தனமாகத் தொக்குக் கிண்டினார். அவசரத்தில் அடி பிடித்தது. இருந்தாலும் கோங்கூரா கோங்கூராதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவராஜ் வீட்டுக்குப் போய் நின்றார்.

"புதுசா கிண்டினேன் சம்பந்தி. அந்தப் பழைய ஜாடியைக் குடுத்துருங்க."

தேவராஜ் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "அதுவா... காலி."

"மொத்தமுமா?"

"நேத்தே வழிச்சுத் தின்னுட்டோம். அவ்வளவு ருசி!"

புது ஜாடி கிதியோன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. சத்தம் கேட்டு எலிசபெத் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கிதியோன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார்.

"சம்பந்தி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க! அது கோங்கூரா இல்ல. ஏதோ காட்டுச்செடி. விஷமா என்னான்னே தெரியல. கல்யாணம் நின்னாலும் பரவாயில்ல, உங்க உயிர் முக்கியம்!"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவராஜ் காதைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்க. நாங்க அதைத் தொறக்கவே இல்ல. அன்னைக்கே சபைக்குத் திருப்பிக் குடுத்துட்டேன். உங்க மனசு நோகுமேன்னு ருசியா இருந்துச்சுன்னு சொன்னேன். இவளுக்கு வயித்துவலி பிரியாணியால."

"ஸ்தோத்திரம்!" கிதியோன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நாலு நாள் கழித்து இப்போதுதான் மூச்சு வந்தது. உடனே மறுபடி நின்றது. "அப்போ... ரெண்டாவது ஏலத்துல அதை யாரு எடுத்தா?"

எலிசபெத் உடைந்த ஜாடியைப் பெருக்கியபடியே சொன்னாள்: "யாரும் கை தூக்கலண்ணே. உங்க முகம் வாடிருமேன்னு பியூலாதான் எடுத்தாங்க. பூண்டு தாளிச்சுப் போட்டதும் தெனம் ரெண்டு வேளையும் நீங்க அதைத்தான் வழிச்சு வழிச்சுச் சாப்புடுதீங்களாமே?"