பெறுபவர்: ஸ்ரீ மகா மாரியம்மன்

"ஹலோ, சிக் மாரியம்மன் இருக்காங்களா?"

கார்த்திகேசு கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். டைல்ஸ் தொழிற்சாலையின் ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவர். யார் யாரையோ கேட்டு அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. அம்மனை 'சிக்', அதாவது செல்வி, போட்டுக் கேட்டு வந்தது இதுதான் முதல் தடவை.

"யாரும்மா பேசறது?"

"கூரியர் ஈப்போ ஆபீஸ், நூருல் ஹுதா பேசறேன். மாரியம்மன் பேருக்கு இந்தியாவுலேருந்து பார்சல் வந்திருக்கு. கிளியரன்ஸுக்கு அவங்க ஐசி, அடையாள அட்டை காப்பி வேணும்."

"அது சாமி பேரும்மா."

"எனக்குத் தெரியும் அங்கிள், நானும் ஈப்போக்காரிதான். சிஸ்டத்துக்குத் தெரியாது லா. அப்பா பேரு வேற காலியா விட்டிருக்கீங்க."

"அம்மனுக்கு ஏதும்மா அப்பா?"

"அதான் அங்கிள் பிரச்சினை. அந்தக் கட்டம் சிவப்பாவே நிக்குது."

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டி வீடுகள் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் கார்த்திகேசு குடியிருக்கிறார். பழைய தோட்டத்தில் மிச்சமிருப்பவை இரண்டுதான். ஒன்று மாரியம்மன் கோயில். மற்றது, அந்தக் கோயிலில் யார் பெரிய ஆள் என்கிற போட்டி.

திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசை, சாப்பாடு, அம்மனுக்குக் கட்டும் கோடிச் சேலை எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. மூன்றாம் நாள் கார்த்திகேசுவுடையது. நான்காம் நாள் அவர் மனைவி நவமணியின் அண்ணன் பழனியப்பனுடையது. பழனியப்பன்தான் கோயில் செயலாளரும். போன வருடம் அவர் எடுத்துக் கொடுத்த பட்டுச் சேலையைப் பற்றி தாமானே ஆறு மாதம் பேசியது. கார்த்திகேசு பேசவில்லை, அந்தச் சேலையைப் பார்க்கக்கூட இல்லை. மச்சானுடைய உபயத்தன்று அவருக்கு வருடா வருடம் வயிற்று வலி வந்துவிடும்.

இந்த வருடம் மச்சானுக்கு வயிற்று வலி வர வேண்டும் என்று முடிவு செய்தார். ஈப்போ கடைகளை ஒதுக்கிவிட்டு, காஞ்சிபுரத்துக் கடை ஒன்றின் இணையதளத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து தேடினார். கிடைத்தது ஒரு சேலை. அரக்குச் சிவப்பு, கையகலத்துக்குப் பச்சைக் கரை, முந்தி முழுக்க யாளி. 'ஒரே ஒரு பீஸ்தான்' என்று கீழே எழுதியிருந்தது. கடை போட்ட விலையில் பாதிக்கும் குறைவாக, எண்ணூற்றைம்பது ரிங்கிட், ஊர்ப் பேச்சில் வெள்ளி. விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விடும் என்று நவமணிக்குப் படத்தைக்கூடக் காட்டவில்லை.

அனுப்பும் முறை மூன்று இருந்தது. தபால்: முப்பது ரிங்கிட், மூன்று வாரம், வந்தால் உண்டு. வரி, கிளியரன்ஸ் எல்லாம் சேர்த்த எக்ஸ்பிரஸ்: நூற்றெண்பது, வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவார்கள். நடுவில் ஒன்று, வெறும் எக்ஸ்பிரஸ்: அறுபத்தைந்து. அதன் அடியில் எறும்பளவு எழுத்தில், 'கிளியரன்ஸ் செலவுகள் பெறுபவரைச் சேர்ந்தவை' என்று இருந்தது.

ஸ்டோர்க்காரர் மூளை உடனே வேலை செய்தது. பெறுபவர்தானே கட்ட வேண்டும்? உபயப் பொருள் எப்போதும் அம்மன் பெயரில்தான் போகும், அதுதான் வழக்கம். பெறுபவர் என்ற இடத்தில் 'ஸ்ரீ மகா மாரியம்மன்' என்று தட்டினார். அம்மனிடம் எவன் வரி கேட்பான் என்று நினைத்து நடுவில் இருந்த அறுபத்தைந்தைத் தேர்ந்தெடுத்தார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

அதன் பலன்தான் இந்தப் புதன்கிழமை அழைப்பு. சனிக்கிழமை உபயம்.

மதியமே லீவு சொல்லிவிட்டு கூரியர் அலுவலகத்துக்குப் போனார். நூருல் ஹுதா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கணினியைப் பார்த்துப் படித்தாள்.

"வரி ஒண்ணு. கிளியரன்ஸ் கட்டணம் ஒண்ணு. அப்புறம் உங்களுக்காக நாங்க வரிய முன்னாடியே கட்டினதுக்கு ஒரு கட்டணம்."

"நான் கட்டச் சொன்னேனா?"

"சொல்லல அங்கிள். சொல்லாம கட்டினதாலதான் கட்டணம்."

"மொத்தம்?"

"இருநூத்திப் பன்னண்டு வெள்ளி. இன்னையிலேருந்து ஒரு நாளைக்குப் பன்னண்டு வெள்ளி வாடகை. பார்சல் எங்க ஸ்டோர்ல தங்குதில்ல."

தம் ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ பெட்டிகள் இலவசமாகத் தங்கிப் போனதை நினைத்து கார்த்திகேசுவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவருக்குத் தெரியாத சரக்குச் சூட்சுமமா? விலை இருந்தால்தான் வரி. பழைய துணிக்கு ஏது விலை?

"ஃபாரம் குடும்மா" என்று வாங்கி, 'பொருள்: பழைய சேலை. மதிப்பு: ஐம்பது ரிங்கிட்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

"அங்கிள், நிச்சயமா? பழசுன்னா பிரிச்சுச் சோதனை பண்ணுவாங்க. அதுக்குத் தனிக் கட்டணம் இருக்கு."

"எவ்வளவு?"

"தொண்ணூறு."

"இருநூத்திப் பன்னண்டுக்குத் தொண்ணூறு பரவாயில்ல. பண்ணச் சொல்லு."

இருநூற்றுப் பன்னிரண்டு போய்விட்டு அந்த இடத்தில் தொண்ணூறு வரும் என்று அவர் நினைத்துக்கொண்டார். தொண்ணூறு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மனின் ஐசி காப்பிக்குப் பதில் தம்முடைய ஐசி காப்பியைக் கொடுத்துவிட்டு, வெற்றியோடு வீடு திரும்பினார்.

அன்று மாலை தேநீர் குடித்தபடி தம் சாமர்த்தியத்தை நவமணியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, அம்மனுக்குக் கட்டற கோடிச் சேலைய பழசுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா வந்தீங்க?"

"பேப்பர்லதானே நவமணி."

"ஏன், அம்மனுக்குப் படிக்கத் தெரியாதா?"

"அது இங்கிலீஷ் ஃபாரம் லா..."

"அப்படி ஒரு பேப்பர் இருக்கற வரைக்கும் அந்தச் சேலை அம்மன் மேல ஏறாது. சொல்லிட்டேன். நாளைக்கே போய் மாத்தி எழுதுங்க. இல்லேன்னா எங்க அண்ணன் எப்பவும் ரெண்டு சேலை எடுத்து வச்சிருக்கும். ஒண்ணக் கேட்டு வாங்கிக்கலாம்."

தம் உபயத்தில் பழனியப்பன் சேலை! கார்த்திகேசுவுக்குத் தேநீர் புரையேறியது. பதினெட்டு வருடமாக அவர் கட்டிக் காத்த மானம் ஒரே நாளில் போய்விடும். அவருக்கு அழுகையே வந்தது. அன்று இரவு அவர் தூங்கவில்லை.

வியாழக்கிழமை காலை கதவு திறக்கும் முன்பே கூரியர் அலுவலக வாசலில் நின்றார்.

"அம்மா, அது புதுச் சேலை. நான் எழுதினது தப்பு. மாத்திடு."

நூருல் ஹுதா திரையைப் பார்த்தாள். "சோதனை நேத்தே முடிஞ்சிருச்சு அங்கிள். பார்த்த அதிகாரியும் பழசுன்னுதான் எழுதியிருக்காரு."

"என் ஃபாரத்தப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிச்சிருப்பாரு! பட்டப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"அப்ப மறுப்பு சூராட் ஒண்ணு, கடிதம், எழுதிக் குடுக்கணும். மறுசோதனைக்குத் திரும்பத் தொண்ணூறு. திருத்தக் கட்டணம் நாப்பது. சூராட்ல பெறுபவர் கையெழுத்து வேணும்."

"பெறுபவரு அம்மன்!"

"அவங்க சார்பா கோயில் செயலாளர் போடலாம் அங்கிள். கோயில் முத்திரையோட."

கார்த்திகேசு மெதுவாகக் கேட்டார். "தலைவர் போடக்கூடாதா?"

"சிஸ்டத்துல செயலாளர்னுதான் இருக்கு."

மச்சான் வீட்டில் அன்று மாலை நடந்ததை விரிவாகச் சொன்னால் கார்த்திகேசு வருத்தப்படுவார். சுருக்கமாகச் சொல்கிறேன். பழனியப்பன் மூன்று முறை விஷயத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை மருமகளையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். பிறகு சாவகாசமாகக் கோயில் தாளை எடுத்து, 'மேற்படி மாரியம்மன் எங்கள் கோயிலில் நீண்ட காலமாக நிரந்தரமாக வசித்து வருகிறார்' என்று மலாயில் எழுதி முத்திரை குத்தினார்.

"இந்தியாவுலேருந்து வரவழைக்கறதெல்லாம் சரி மச்சான். என் சேலை இங்கேருந்து இந்தியாவுக்கே போச்சு, தெரியுமா? போன வருஷம் திருவிழா முடிஞ்சு ஏலம் விட்டோமே, பூக்கட்டற வீரம்மா அக்கா எழுநூறு வெள்ளிக்கு எடுத்தாங்க. சீட்டுப் பணத்தைப் போட்டு எடுத்தாங்க லா! இந்தியாவுக்குப் போய்ட்டு வந்தாங்களே, அப்பப் பெட்டியில முதல்ல அதத்தான் வச்சாங்க."

"சூராட்டக் குடுங்க மச்சான், நேரமாச்சு."

"நான் வாங்கறப்ப ஆயிரத்து இருநூறு!"

வெள்ளிக்கிழமை கடிதம் போனது. கார்த்திகேசு வேலைக்குப் போகாமல் கூரியர் அலுவலக நாற்காலியிலேயே இருந்தார். மறுசோதனை அதிகாரி சாப்பிடப் போய், தொழுகைக்குப் போய், திரும்பி வந்தபோது மணி மூன்று. கோயில் கடிதத்தையும் கடையின் ரசீதையும் பார்த்தார். எதிரே நின்று, "அம்மன் மேல சத்தியமா அது புதுசு சார், யாரும் தொடாத புதுசு" என்று மூன்று மொழிகளில் கெஞ்சிய மனிதரையும் பார்த்தார். பெட்டியைத் திறக்காமலே முத்திரை குத்திவிட்டார். 'பழையது' என்ற ஒட்டுச்சீட்டின் மேல் 'புதியது' என்ற ஒட்டுச்சீட்டு ஏறியது. கூடவே ஒரு சான்றிதழும் வந்தது. ஆனால் கவுண்டரை மூடிவிட்டார்கள், சனிக்கிழமை காலைதான் பார்சல் கைக்கு வந்தது.

"மொத்தம் நானூத்தி எண்பது வெள்ளி அங்கிள்" என்றாள் நூருல் ஹுதா. "முதல்லயே அந்த நூத்தி எண்பது வெள்ளி ஆப்ஷன எடுத்திருந்தா..."

"தெரியும்."

"வீட்டுக்கே வந்திருக்கும்."

"தெரியும்மா!"

பெட்டியை வீட்டில் பிரிக்க நவமணி விடவில்லை. கோடிச் சேலையை அம்மன் முன்னால்தான் பிரிக்க வேண்டும். ஆனால் சான்றிதழைப் பிரித்து இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "இப்பத்தான் மனசு ஆறுச்சு" என்று சொல்லிவிட்டுக் கோயில் சமையல்கட்டுக்குப் போனாள். அன்று முந்நூறு பேருக்குச் சாப்பாடு.

மாலை ஐந்து மணிக்கு பூசாரி தாம்பாளத்தை நீட்டினார். கார்த்திகேசு பெட்டியைக் கிழித்து, மடிப்புக் கலையாமல் சேலையை எடுத்து வைத்தார். விளக்கு வெளிச்சத்தில் அரக்குச் சிவப்பு தகதகவென்று மின்னியது. கூடியிருந்த பெண்கள் "ஆஹா" என்றார்கள். அந்த 'ஆஹா'வைக் கேட்டதும் கார்த்திகேசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. நானூற்று எண்பது வெள்ளியும் அந்த நொடியில் மறந்துபோனது. அவர் மனதார அம்மனைக் கும்பிட்டார்.

பழனியப்பன் பக்கத்தில் வந்து கரையைத் தொட்டுப் பார்த்தார். எந்தச் சேலையையும் விலையை வைத்தே ஞாபகம் வைத்துக்கொள்கிற மனிதர் அவர்.

"மச்சான், சும்மா சொல்லக்கூடாது லா. நல்ல செலக்சன். அப்படியே என் டேஸ்ட்."

"உங்க டேஸ்ட் இல்ல மச்சான். இது காஞ்சிபுரத்து ஒரிஜினல். உலகத்துலயே ஒரே ஒரு பீஸ்தான்." கார்த்திகேசு சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து விரித்தார். "கவர்மென்ட் முத்திரை. புத்தம் புதுசு. படிச்சுப் பாருங்க."

சுற்றி நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பழனியப்பன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அவர் முகம் சுருங்குவதைக் கார்த்திகேசு ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மனுக்குக் கொசுவம் மடித்துக் கொடுப்பது எப்போதும் பூக்கட்டும் வீரம்மாவின் வேலை. அவள் தாம்பாளத்திலிருந்து சேலையை எடுத்து முந்தியை விளக்குப் பக்கம் விரித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. குனிந்து பார்த்தாள். பச்சைக் கரையில் கடுகளவு ஒரு கருகல் ஓட்டை. சேலையை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அட, தம்பி! போன வருஷம் என் கைக்கற்பூரம் தெறிச்ச ஓட்டை இன்னும் இருக்கே! போன எடத்துல பணமுடையில காஞ்சிபுரத்துக் கடையில இத வித்துட்டு, இனிமே நம்ம அம்மன் சேலைய எங்க பார்க்கப் போறேன்னு அழுதேன். நீங்க இம்புட்டுச் செலவு பண்ணி உங்க மச்சான் சேலையவே திரும்பக் கொண்டாந்துட்டீங்களே!"