காதைப் பிடித்ததால் வந்த சம்பந்தம்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய அத்திம்பேருக்கு, சிவராமகிருஷ்ணன் அநேக நமஸ்காரம். அக்காவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே மீனாக்ஷி சௌக்கியம். உயிரோடும் இருக்கிறாள். இதைத் தனியாக ஏன் எழுதுகிறேன் என்பது கீழே தெரியும்.

மனக்கலக்கத்துக்குச் சீன வைத்தியம் என்று நீங்கள் போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். மருந்தும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், ஒருவன் தன் உடம்பைத் தானே தட்டியும் அமுக்கியும் இழுத்தும் சாந்தமாகலாம் என்று அதில் வரும் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். கொச்சிக்காரனுக்குச் சீனா என்றால் சந்தேகமே வராது. மீன் பிடிப்பது சீன வலையில், வறுப்பது சீனச்சட்டியில், ஊறுகாய் இருப்பது சீனப் பரணி ஜாடியில். வைத்தியம் மட்டும் கைவிடுமா என்று ஆரம்பித்துவிட்டேன்.

கலக்கத்துக்குக் காரணம் நம் அம்ருதா. ஆலுவாவில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவள், போன மாதம் போனில், "அப்பா, நேக்கு சந்தீப்பைப் பிடிச்சிருக்கு. கல்யாணம்னா அவனோடதான்" என்றாள். போன் கையிலிருந்து விழுந்துவிட்டது. சந்தீப் யார்? எதிர்வீட்டு விஸ்வநாத்தின் பிள்ளை. விஸ்வநாத் யார்? ஏலக்காய் மொத்த வியாபாரி. கோயில் உற்சவத்தில் அவர் மேற்பார்வையில் வைத்த பாயசத்தில் ஏலக்காய் வாசனையே இல்லை என்று நான் மைக்கில் சொன்னதிலிருந்து என் முகத்தில் விழிக்காதவர். (வாசனை இல்லைதான். இன்றைக்கும் சொல்வேன்.) அப்பேர்ப்பட்டவர் வீட்டுப் படியேறி, பெண் தருகிறேன் என்று நான் நிற்க வேண்டும்! நெஞ்சு படபடத்தது, சோறு இறங்கவில்லை. "குட்டி சந்தோஷமா இருந்தாப் போறும், போய்க் கேளுங்கோ" என்று மீனாக்ஷி பிடுங்கியெடுத்தாள்.

முதலில் பள்ளுருத்தி பஸ்ஸில், மணிக்கட்டின் உள்புறத்தை விரலால் அமுக்கிக் கண்ணை மூடி மெல்ல மூச்சு விட்டேன். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை, நான் நாடி பார்த்துக்கொள்கிறேன், நாடி கிடைக்கவில்லை என்று முடிவுகட்டிக் கூச்சல் போட, டிரைவர் பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கே விட்டுவிட்டார். நான் நடந்து இறங்கியதை யாரும் மன்னிக்கவில்லை. என்னைக் குறைந்தபட்சம் தூக்கிக்கொண்டாவது போகவேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள்.

மறுநாள் காலை மாடி வராந்தாவில் நின்று, இரண்டு கையாலும் மாரில் தட்டிக்கொண்டு, இருதயத்துக்கு நல்லதென்று வீடியோப் பெண் சொன்ன ஓசையோடு "ஹா... ஹா..." என்று மூச்சை விட்டேன். யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடையில் வேலை பார்க்கும் கீழ்வீட்டு ஷபானா அண்ணாந்து பார்த்தாள். "படச்சோனே! மீனாக்ஷி சேச்சி போயோ?" என்று, மீனாக்ஷி போய்ச்சேர்ந்துவிட்டதாகவே நினைத்துப் படைத்தவனைக் கூப்பிட்டு அலறினாள். தெருவே கூடிவிட்டது. துக்கம் கேட்க வருகிறவர்கள் உட்கார யாரோ வாடகை நாற்காலிக்குச் சொல்லியும் விட்டார்கள். மீனாக்ஷி சாயா டம்ளரோடு வெளியே வந்து, "எந்தா எல்லாரும் என்னையே பாக்கறேள்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சீனாவில் மருந்து கிடையாது.

கூட்டத்தில் விஸ்வநாத்தும் தோளில் துண்டோடு வந்திருந்தார். "அவரே நம்மாத்துக்கு வந்தாச்சு. இனி நீங்க போறதுல என்ன கொறச்சல்?" என்று மீனாக்ஷி சாயங்காலமே என்னைத் தள்ளிவிட்டாள். போனேன். அவரைக் கண்டதும், காதுமடலைப் பிடித்து இழுத்து, முழங்காலை மடக்கி இறங்கி ஏறினால் பயம் தெளியும் என்று வீடியோவில் பார்த்தது ஞாபகம் வந்தது. செய்தேன். பதற்றத்தில் கை குறுக்கே மாறிவிட்டது. எதிரே இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும் சொல்லுங்கள். சாட்சாத் தோப்புக்கரணம்!

விஸ்வநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓய், ஒரு பாயசத்துக்காக இந்த வயசில இப்படியா? போறும், எழுந்திருங்கோ. தப்பு என்னோடதாக்கும். அன்னிக்கு ஏலக்காய் போட மறந்தே போச்சு!"

முட்டி பிடித்துக்கொண்டதால் குந்திய நிலையிலேயே, "அம்ருதாவுக்கு உங்காத்து சந்தீப்பை..." என்றேன்.

"பண்ணிட்டாப் போச்சு!" என்று என்னை அப்படியே தூக்கி அணைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து வந்த சந்தீப் திருதிருவென்று முழித்தான். வெட்கம் போலிருக்கிறது. கடைசியில், "அங்கிள், நேக்கும் சம்மதம்" என்றான்.

சிங்க மாசத்தில், அதாவது நம் ஆவணியில், நிச்சயதார்த்தம். முன்னின்று நடத்த நீங்களும் அக்காவும் வந்தே தீரவேண்டும். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி, அந்த வீடியோப் பெண்ணுக்குத் தீர்க்காயுசு.

இப்படிக்கு,
படபடப்பு நீங்கிய
சிவராமகிருஷ்ணன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஆலுவாவிலிருந்து அம்ருதா வந்துவிட்டாள். கூட ஒரு பையன். அவளோடு வேலை பார்க்கிறானாம். பெயர் சந்தீப்பாம். "எதிராத்து சந்தீப்பா? அவனோட நான் பேசினதே இல்லியே அப்பா!" என்கிறாள். எதிர்வீட்டு சந்தீப் பூச்செண்டோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறான், பின்னால் விஸ்வநாத் ஜவுளிக்கடைப் பையோடு. மீனாக்ஷி இரண்டு மாப்பிள்ளைக்கும் சாயா போடுகிறாள். தபால்தலை தேவையில்லை, அத்திம்பேர். பின்பக்கக் கதவு திறந்திருக்கிறது. கடிதத்தை நானே கொண்டுவந்து தருகிறேன்.