ஆனா அண்ணையின் மூன்று கமராக்கள்

உடுப்பிட்டியில் ஆனா அண்ணையிடம் யோசனை கேட்டு உருப்பட்டவர் ஒருவரும் இல்லை. எதைப் புகழ்ந்தாலும் அடுத்த மூச்சில் "ஆனா..." என்று இழுப்பார், அதுவே பெயராகிவிட்டது. வெளிநாட்டுக்காரர் கழித்துவிட்ட சின்ன டிஜிட்டல் கமராக்கள் எல்லாம் அவருடைய அலுமாரியில்தான் அடைக்கலம்.

கனடாவிலிருந்து வந்த அக்கா திரும்புகிற நாள். அம்மா நன்றாகத் தளர்ந்துவிட்டார். அக்கா இனி வந்து அவரைக் காண்பாள் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. இருவரும் சேர்ந்து நிற்க ஒரு நல்ல படம் வேண்டும். என் கெட்டகாலம், போனை எடுத்தபோது ஆனா அண்ணை வந்துவிட்டார்.

"போன் படம் ஒரு படமே? இஞ்சை பார். இது சூம் திறம், ஆனா கிட்ட எடுக்கத் தெரியாது. இது நிழலுக்கையும் எடுக்கும், ஆனா பற்றறி நிக்காது. இது நிறம் அந்தமாதிரி, ஆனா அமத்தினாப் பிறகு ஆறுதலா, கொஞ்சம் பிந்தித்தான் எடுக்கும்."

"அண்ணை, ஏதாவது ஒண்டிலை எடுங்கோ. எயார்போட்டுக்குப் போற வான் வந்திட்டுது."

"பொறு தம்பி, மூண்டிலையும் எடுத்து ஒப்பிட்டுப் பாப்பம்."

முதலாவதில் அம்மாவின் ஒரு காதும் தோடும் மட்டும் விழுந்தன. இரண்டாவது பாதியில் உயிரை விட்டது. வான்காரர் ஹோர்ன் அடித்தார். அக்கா அழத் தொடங்கிவிட்டாள். எனக்குத் தலையைச் சுவரில் மோதலாம் போலிருந்தது.

மூன்றாவதை அமத்தினார். இருவரும் விறைத்துப்போய் நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"மோனை, நான் செத்தாப் பிறகே உது எடுக்கும்?" என்று கேட்ட அம்மா, தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டார். அப்போதுதான் 'கிளிக்' என்றது.

"சீ! அசைஞ்சிட்டீங்கள். பழுதாப் போச்சு. இன்னொருக்கா..."

வான் காத்திருக்கவில்லை.

சில மாதங்களில் அம்மா போய்விட்டார். அக்காவால் வரமுடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகத்தின் முன்பக்கத்துக்குப் படம் தேடினால், வீட்டில் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த முகம்தான். யாரோ அதட்டி உட்காரவைத்த முகம். வேறு வழியின்றி ஆனா அண்ணையிடம் போனேன். பழுது என்ற படத்தை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். அக்கா ஈரக் கண்ணோடு அவரையே பார்க்கிறாள்.

அச்சாகி வந்த முதல் புத்தகத்தை அவரிடம்தான் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த "ஆனா"வுக்காக நானும் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

மனுசன் அன்றைக்கும் ஒரு குறை சொல்லியிருந்தால் நான் அழாமல் வீடு வந்திருப்பேன்.