பாவப்பட்ட பாதம் யார்?

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புவதும் முறை, விரும்பிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்குப் பதில் வந்தது. கீழே உங்கள் கையெழுத்து, அதற்கும் கீழே 'தனியுரிமைப் பாதுகாப்பு அதிகாரி' என்று பதவி. கல்யாணத்தின்போது கம்ப்யூட்டரில் ஏதோ வேலை என்றுதான் சொன்னீர்கள். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் முக்காடு போட்டுவிடுகிற வேலை என்று அப்போதே சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். என் டிரைவிங் ஸ்கூலைப் பற்றி, ஊரிலுள்ள கடை கண்ணிக்கெல்லாம் நட்சத்திரம் போடுகிற உங்கள் இணையதளத்தில் 'பாவப்பட்ட பாதம்' என்ற பெயரில் ஒளிந்துகொண்டு, ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கேவலமாக எழுதியது யார் என்று கேட்டேன். அதற்கு நீங்கள், 'நீதிமன்ற உத்தரவின்றிப் பயனரின் அடையாளத்தை மூன்றாம் நபருக்குத் தெரிவிக்க இயலாது. தங்கள் கோரிக்கை பற்றிப் பயனருக்கு அறிவிப்பு அனுப்பப்படும். அவர் மறுப்புத் தெரிவிக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் மூன்றாம் நபர், மாப்பிள்ளை? திட்டியவன் அவன், திட்டு வாங்கியவன் நான். நடுவில் வந்து நிற்கிற நீங்கள்தான் மூன்றாவது. பெண்ணைக் கொடுத்தவன் மூன்றாம் நபர், பெயர் சொல்ல யோக்கியதை இல்லாதவன் மாண்புமிகு பயனர்! திருடனிடமே போய் 'உங்களைக் காட்டிக்கொடுக்கலாமா?' என்று பணிவாகக் கேட்டு, அவன் 'வேண்டாம்' என்றால் சரி என்று திரும்பி வர ஒரு சட்டம், அதற்கு ஒரு அதிகாரி, அவருக்கு ஒரு ஏ.சி. அறை.

போனில் கேட்டபோதாவது மனிதராகப் பேசுவீர்கள் என்று நினைத்தேன். "மாமா, சொன்னா கேளுங்க, பேரு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? விட்டுடுங்க" என்றீர்கள். பின்னால் என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பன் பிழைப்பில் மண் விழுகிறது, மகளுக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தப் பாதம் எழுதியதை இன்னொரு தரம் படியுங்கள். 'இந்த ஆசிரியர் தன் பக்கத்து பிரேக்கைத் தானே மிதித்துவிட்டு, யார் மிதிச்சது என்று நம்மைக் கேட்பார். திரும்ப வேண்டிய இடம் தாண்டிய பிறகு திரும்பு என்பார். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வேண்டிய கண்ணாடியில் அவர் மீசைதான் தெரியும். அவர் கத்திய கத்தலில் பதறி மிதித்ததில் என் கால் கட்டைவிரல் நகமே கறுத்துவிட்டது. கத்தி முடித்ததும் தொண்டைக்கு வெந்நீர் கேட்பார்.' எப்படி இருக்கிறது கதை? நான் வெந்நீர் குடிப்பது வீட்டில் மட்டும்தான், அதுவும் சமையலறையில் நின்றபடி. அது அவனுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்கிறான். என் தனியுரிமை எந்த அதிகாரியின் மேஜையில் கிடக்கிறது என்று கேட்கிறேன்.

நீங்கள் உதவாததால் நானே துப்பறிய வேண்டியதாயிற்று. முதலில் என் சந்தேகம் என்னிடம் வண்டி கற்றுக்கொள்கிற பாங்க் காசாளர் மேல். வண்டி ஓடும்போது திடீரென்று, "நீதானேய்யா அந்தப் பாதம்?" என்று காதருகில் கேட்டேன். குற்றமுள்ளவன் திடுக்கிடுவான் என்பது என் கணக்கு. அவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கையே விட்டுவிட்டார். வண்டி நடைபாதையில் ஏறி, குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்து நின்றது. பிறகு எதிர்த்த சாரியில் ஸ்கூல் நடத்துகிறானே, நாங்கள் ஹாரன் என்று கூப்பிடுகிற அந்த ஆள், அவனிடம் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவன் நிதானமாக, "அண்ணே, உங்களப் பத்தி நான் வேற எழுதணுமா? நீங்க கத்துறது இங்க வரைக்கும் கேக்குது" என்றான். அங்கே பெஞ்சில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் என் பழைய மாணவர்கள். ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. கறுத்த நகம்! பெயரை ஒளிக்கலாம், நகத்தை ஒளிக்க முடியுமா? சுத்தம் என்று சாக்குச் சொல்லி, எல்லோரும் வெறுங்காலோடுதான் ஓட்ட வேண்டும் என்று போர்டு வைத்தேன். டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். பல் டாக்டரம்மா, "வண்டி ஓட்டக் கத்துக்க வந்தேனா, இல்ல உங்களுக்குக் கால் காட்ட வந்தேனா?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்தபடியே இறங்கிப் போய்விட்டார். அவர் பின்னாலேயே காசாளரும் போனார். இப்போது என் வண்டி வாசலில் சும்மா நிற்கிறது. நாள் முழுக்க நான் மட்டும் அதில் உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் வெட்கக்கேடு, ஒருநாள் அழுகையே வந்துவிட்டது.

நான் பொறுமைசாலியா இல்லையா என்று உங்கள் மாமியாரையே கேளுங்கள். அவளுக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். தனியாக ஓட்டிக்கொண்டு போய் மகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இத்தனை வருஷத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஒரே மாணவி அவள்தான். பாதியிலேயே, "போதும், எனக்கு வந்துடுச்சு" என்று இறங்கிப் போனது வேறு விஷயம். பாவம், அவளுக்கும் உடம்பு சரியில்லை போலிருக்கிறது. தரை சில்லென்று இருக்கிறதாம், கொஞ்ச நாளாகத் தூங்கும்போதுகூடக் காலுறையைக் கழற்றுவதில்லை. இந்தப் பாதத்தைப் பற்றி நான் புலம்பும்போதெல்லாம் பேசாமல் வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறாள். என் கஷ்டம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் சட்டத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, அந்தப் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் நான் கோர்ட்டுக்குப் போவேன். நடுக்கூடத்தில் நிறுத்தி அந்தப் பாதத்தை நாறடிக்காமல் விடமாட்டேன். என் மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் ஆசிகள் உண்டு, பெயர் வந்ததும் தனியாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
(அதாவது மூன்றாம் நபர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் மாமியார் வந்து தன் போனை என் முன்னால் வைத்தாள். 'தங்கள் அடையாளத்தை ஒரு மூன்றாம் நபர் கோருகிறார். மறுப்பு இருந்தால் எழுதி அனுப்பவும்' என்று உங்கள் ஆபீஸ் அறிவிப்பு. இது உன் போனுக்கு எதற்கு வந்தது என்று கேட்டேன். அவள் நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி இந்தக் கடிதத்தின் பக்கத்திலேயே வைத்து, காலுறையை உருவினாள். நகம் கறுப்பாகத்தான் இருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். வெந்நீர் ஏற்கெனவே மேஜையில் இருந்தது. மீதிப் பாடத்தை ஹாரனிடம் படித்து லைசென்ஸும் வாங்கிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை அவளே ஓட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறாள். வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்குப் பின் சீட்டில் இடம் உண்டாம். "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, அந்த மறுப்பையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர் கேட்கும் நபர் முன்கோபி, பெயர் தெரிந்தால் பயனருக்கு வீட்டில் நிம்மதி இருக்காது என்பதெல்லாம் அவள் சொன்னது. கடைசி வரி மட்டும் நான் சேர்த்தது: 'மேற்படி மூன்றாம் நபருக்கும் அந்தப் பெயர் இப்போது தெரிய வேண்டாமாம்.'