பிரமிடுக்குப் போன ரிக்கர்சல்

பல் பிடுங்கிக்கொள்வதற்கு ஒத்திகை பார்த்த மனிதர் சேலம் ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். முதல் நாள் போய் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, மூடி, இறங்கி, டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பல் மறுநாள்தான் போனது. வலித்ததா என்று விசாரித்தேன். நேற்று வலித்த அளவுக்கு இல்லை என்றார்.

அவருக்குச் சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். ரிக் வண்டி, அதாவது ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி, வைத்திருந்தார். அதை ஓட்டிக்கொண்டு ராஜஸ்தான் வரை போய் பூமியைத் துளைத்தவர். வயதானதும் வண்டியை விற்றுவிட்டு அஸ்தம்பட்டியில் வீடு கட்டினார். ரிக்கையும் ரிகர்சலையும் ஒன்றாகப் பிசைந்து எங்கள் தெரு அவருக்கு 'ரிக்கர்சல்' என்று பெயர் வைத்தது. அதில் அவருக்கு வருத்தமே இல்லை. கூரியர்காரர் வந்து ரிக்கர்சல் வீடு எது என்று தெருவில் கேட்டால், இவரே கேட்டைத் திறந்து, "இதுதானுங்க, வாங்க" என்பார்.

எதற்கு இத்தனை ஒத்திகை என்று ஒருமுறை கேட்டேன்.

"பூமில ஓட்டை போட்டுட்டு, தப்பாப் போச்சுன்னு திருப்பி எடுத்துக்க முடியாதுங்க தம்பி. எதையும் ஒருக்கா செஞ்சு பாத்துட்டுத்தான் செய்யோணும்."

மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மண்டபத்தில் முழு ஒத்திகை நடந்தது. எனக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் வேஷம். எதற்காகவாவது கோபித்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. ரசத்தில் உப்பு கம்மி என்று நான் இலையை விட்டு எழுந்தேன். அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கெஞ்சிய கெஞ்சலில் எனக்கே கண் கலங்கிவிட்டது. நிஜக் கல்யாணத்தில் யாருமே கோபித்துக்கொள்ளவில்லை. அதில் அவருக்கு லேசான ஏமாற்றம்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். வாழப்பாடிக்காரர். அதட்டிப் பேசாமலே வகுப்பை அடக்குகிற ரகம். வெளியில் எல்லாரும் கூப்பிடுவதைப் போலவே வீட்டில் அவரும் மனைவியை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். "டீச்சர், தண்ணி வருதுங்களா" என்று மோட்டார் ரூமிலிருந்து கேட்பது மாடி வரை கேட்கும்.

அந்த டீச்சர் ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். இனிமேல் என்ன செய்யப்போகிறீர்கள் என்று மேடையில் யாரோ கேட்டார்கள். பேரப்பிள்ளை, கோயில், ஓய்வு என்று ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம். டீச்சர் மைக்கைப் பிடித்து, தபால்தலை அளவு படத்தைக் காட்டியே இத்தனை வருஷமும் பிரமிடு பாடம் நடத்திவிட்டேன், ஒரு தடவையாவது அதற்குள்ளே போய் நின்று பார்க்க ஆசை என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிக்கர்சல் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மாடிக்கு வந்தார். எகிப்துக்குப் போவதாக முடிவாகிவிட்டது. அவர், டீச்சர், மகள், ராசிபுரத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் மருமகன் ஆகிய நால்வரும் போகிறார்கள் என்றார். நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள், ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டார். அந்த வருஷம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது அப்படித்தான்.

முதலில் விமான ஒத்திகை. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை மும்மூன்றாக நெருக்கிப் போட்டு, ஒரு நீளமான சினிமா ஓடி முடிகிற வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நடு நாற்காலி மருமகனுக்கு. நல்ல ஆகிருதியான மனிதர். இரண்டு பக்கமும் மாமனாரும் மாமியாரும் உட்கார்ந்திருக்க, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கடைசி வரை கும்பிட்டபடியே இருந்தார். பணிப்பெண்ணாக இருக்க என் மனைவி மறுத்துவிட்டாள். ஆகவே நான்தான் தட்டில் உப்புமா ஏந்திப் போனேன்.

அடுத்து பாலைவனம். பக்கத்துக் காலி மனையில் ஒரு லோடு மணலைக் கொட்டிப் பரப்பி, உச்சி வெயிலில் குடும்பத்தோடு தொப்பி போட்டுக்கொண்டு நடந்தார். வீடு கட்டப்போகிறார்கள் என்று நினைத்து இரண்டு மேஸ்திரிகள் வந்து கார்டு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒட்டகத்துக்குத்தான் கஷ்டப்பட்டார். பொருட்காட்சிக்கு ஒட்டகம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு எல்லாரையும் அழைத்துப் போனார். ஒட்டகம் இரண்டு தவணையாக எழுந்திருக்கும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. முதல் தவணையில் அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இரண்டாவது தவணையில் ஒட்டகம் எழுந்தது. அவர் கீழே நின்றார். எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. டீச்சர் சேலை கசங்காமல் ஏறி ஒரு சுற்று போய்விட்டு வந்தார்.

இதற்கிடையில் அவருக்கு ஒரு தர்மசங்கடம். "தம்பி, பயணத் திட்டத்துல ஒரே நாளைக்கு மூணு சமாதி போட்டிருக்கறானுங்க. சமாதிக்குப் போனா தலைக்குக் குளிக்கோணுமுங்களே. மூணுக்கும் சேத்து ஒரு குளியல் போதுமுங்களா?"

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டீச்சர், அவங்க செத்து நாலாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, தீட்டெல்லாம் எப்பவோ கழிஞ்சிருக்கும் என்று சொல்லிப் பிரச்சினையை முடித்தார்.

பிறகுதான் சுரங்கப்பாதை வந்தது. பெரிய பிரமிடுக்குள் ராஜாவின் அறைக்குப் போகிற வழியை மருமகன் செல்போனில் காட்டினார். குறுகலான பாதை. முதுகை வளைத்துக்கொண்டு, முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடியே மேலே ஏற வேண்டும். ரிக்கர்சல் அந்த வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தல் கடையிலிருந்து பெஞ்சுகள் வந்து இறங்கின. காம்பவுண்டு ஓரமாக அவற்றை வரிசையாகப் போட்டு, மேலே தார்ப்பாயை மூடி, இருட்டாக ஒரு சுரங்கம் செய்தார். டீச்சர் குனிந்து போய் மறுபக்கம் வந்தார். மகள் போனாள். மருமகன் நடுவில் ஒரு பெஞ்சை முதுகிலேயே தூக்கிக்கொண்டு வந்தார். நானும் என் மனைவியும் போய் முட்டி சிராய்த்துக்கொண்டு வந்தோம். ரிக்கர்சல் முறை வந்தபோது மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன் என்று போய்விட்டார். அதற்கடுத்த வாரம் அவருக்கு போன் வந்தது. அதற்கும் அடுத்த வாரம் தார்ப்பாய் சரியாக மூடவில்லை என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாங்கள் ஆளுக்கு ஏழெட்டு முறை பிரமிடுக்குள் போய் வந்துவிட்டோம். அவர் வாசலைத் தாண்டவே இல்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னார். ரிக் வாங்குவதற்கு முன்னால், இளவட்டமாக இருந்தபோது, அவர் கிணறு வெட்டப் போய்க்கொண்டிருந்தாராம். ஒரு நாள் ஆழத்தில் மண் சரிந்து மார்பு வரை மூடிவிட்டது. கயிறு கட்டி இழுத்து எடுத்தார்கள். இன்று வரை குளியலறைக் கதவுக்குத் தாழ் போட மாட்டார். லிஃப்டில் ஏற மாட்டார்.

"ரிக் வாங்கினதே அதுக்காகத்தான். மெஷின் கீழ போகும், இவர் மேலயே நின்னுக்கலாம். அவங்கம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். தெரியும்னு நான் காட்டிக்கிட்டதில்ல."

அப்படியானால் வெளியே நின்று பிரமிடைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்றேன். அதையும் டீச்சர் அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டாராம். உள்ளே என்ன இருக்கிறது, வெறும் கல்தானே, வெளியிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். கல்யாணம் ஆன நாளிலிருந்து குரலை உயர்த்தாத மனிதருக்கு அன்றைக்குக் கோபம் வந்துவிட்டதாம். உள்ள போய் நிக்கோணும்னுதான டீச்சர் மைக்குல சொன்னீங்க என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்கப் பேசவில்லையாம்.

புறப்படுவதற்கு முன்பு இறுதி ஒத்திகை. பெட்டி படுக்கையோடு குடும்பமே கார் ஏறியது. தெருவில் எல்லாரும் வெளியே வந்து கையசைத்தோம். எதிர்வீட்டு அம்மாள் எலுமிச்சம்பழம் வைத்துச் சுற்றிப் போட்டார். அவர்கள் கோயமுத்தூர் ஏர்போர்ட் வாசல் வரை போய், உள்ளே எப்படிப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு, சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து நிஜமாகப் புறப்பட்டபோது நாங்கள் மறுபடியும் கையசைத்தோம். எலுமிச்சம்பழம் மட்டும் இரண்டாவது முறை கிடையாது என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்லிவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து, ஆபீஸில் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. திரை முழுக்க அவர் முகம். உலக அதிசயம் ஒன்றை அவருடைய ஒரு காது மறைத்துக்கொண்டிருந்தது.

"சாப்டீங்களா தம்பி?"

சாப்பிட்டேன் என்றேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வாசல்லதானுங்க. டீச்சரும் புள்ளைகளும் உள்ள போயிட்டாங்க. எனக்கு மூட்டு வலிங்க."

மூட்டு வலி என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. போனை வைத்துவிடலாமா என்று கேட்கவும் மனம் வரவில்லை. வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று பேச்சை வளர்த்தேன். வெயில் நம்மூர் அளவுதான், சாப்பாட்டுக்கு டீச்சர் பருப்புப்பொடி கொண்டுவந்திருக்கிறார், ஒட்டகத்தில் இந்த முறை விழவில்லை என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"தம்பி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்னங்க. சின்ன வயசுல ஒருக்கா கெணத்துல மண்ணு சரிஞ்சு மூடிருச்சுங்க. அப்ப இருந்து இந்த மாதிரி பொந்துன்னா கையி காலெல்லாம் உதறுதுங்க. டீச்சருக்குத் தெரியாது. இத்தன தூரம் கூட்டியாந்துட்டு, அவங்கள தனியா உட்டுட்டு நிக்கறன் பாருங்க."

எனக்கு முன்பே தெரியும் என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை அண்ணா என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது திரையின் ஓரத்தில் டீச்சர் தெரிந்தார். பாதையிலிருந்து வெளியே வந்து, மூச்சு வாங்க, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராஜா அறையைப் பார்த்தீர்களா என்று ரிக்கர்சல் கேட்டார். டீச்சர் இல்லையென்று தலையாட்டினார். மகளும் மருமகனும் மேலே போயிருப்பதாகவும், தான் நடுவிலேயே திரும்பிவிட்டதாகவும் சொன்னார்.

"ஏனுங்க டீச்சர், முடியலீங்களா?"

"முடியுதுங்க. இது ஒத்திகை. எங்க குனியணும், எங்க நிமிரலாம், எங்க விளக்கு இருக்குன்னு எல்லாம் பாத்துட்டு வந்துட்டேன். இப்ப நெஜமா போலாம், வாங்க."

டீச்சர் கையை நீட்டினார். திரை ஒருமுறை குலுங்கியது. மணல், வானம், யாரோ ஒருவரின் தொப்பி. "டவர் போயிருமுங்க தம்பி" என்று ஒரு குரல் கேட்டு, அழைப்பு அறுந்தது.

அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை. போனைக் கவிழ்த்து வைப்பதும் திருப்பிப் பார்ப்பதுமாக இருந்தேன். மேலதிகாரி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி அழைத்தார். சட்டை தொப்பலாக நனைந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"போயிட்டு வந்துட்டனுங்க. உள்ள ஒண்ணுமே இல்லீங்க தம்பி. ஒரு ரூமு, மூடி இல்லாத ஒரு கல்லுத்தொட்டி. அவ்வளவுதான்." பிறகு டீச்சர் பக்கத்தில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். "டீச்சர் அந்தத் தொட்டியத் தொட்டுக்கிட்டு அழுதுட்டாங்க. நான் அவங்களையே பாத்துட்டு நின்னனுங்க. சுத்தீலும் செவுரு இருந்ததே தெரியலீங்க."

போன வருஷம் நாங்கள் சொந்தமாக ஒரு வீடு வாங்கினோம். தரகர் பத்திருபது வீடு காட்டினார். தண்ணீர் வசதி, வாசல் திசை, பஸ் வசதி என்று நான் எதையெதையோ விசாரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: இங்கிருந்து ரிக்கர்சல் அண்ணன் வீட்டுக்கு நடந்தே போய்விடலாமா?