சிள்வண்டும் சிமெண்டுத் தரையும்

அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். நீ குடும்பத்தோடு இங்கேயே குடிவரப்போகிறாய் என்று கேட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தலையணைகளையெல்லாம் வெயிலில் போட்டுவிட்டாள். ஆனால் கார் நிறுத்தப் பின்பக்கத்து மரத்தை வெட்டிச் சிமெண்டு போடச் சொன்னாயே, அது நடக்காது. கோபப்படாமல் மேலே படி.

போன வாரம் திடீரென்று 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டியே தலை நரைத்தவன் நான். பேரிங் போன சத்தம் எனக்குத் தெரியாதா? நம் தண்ணீர் மோட்டாரைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு விலங்கியல் டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவர் மோட்டாரையும் கழற்றினேன். இரண்டு வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை, சத்தம் மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு, "சார், அது மோட்டார் இல்ல, சிள்வண்டு. கொஞ்சம் மரத்தடிக்கு வாங்க" என்றார்.

அங்கே நான் கண்டதை எப்படியடா எழுதுவேன்! அந்தி நேரம். மண்ணைத் துளைத்துக்கொண்டு சேறு பூசிய பூச்சி ஒன்று வெளியே வந்து, மரத்தில் கொஞ்ச தூரம் ஏறி, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது. முதுகு வெடித்தது. உள்ளேயிருந்து வெளிர்பச்சையாக இன்னொன்று தலைகீழாகச் சரிந்து வந்து, கசங்கிய சிறகை மெல்ல மெல்ல விரித்தது. கண்ணாடி மாதிரி சிறகு! வருஷக்கணக்கில் மண்ணுக்குள் வேர்ச்சாற்றைக் குடித்து வளருமாம், வெளியே வந்தபின் சில வாரம்தான் ஆயுசாம். "அதுக்கு ஏம்மா இந்தக் கத்து கத்துது?" என்று கேட்டேன். "ஆண் வண்டு ஜோடியக் கூப்பிடுது சார். வயித்துப் பக்கத்துல ஒரு சவ்வு. அதத் துடிக்க வச்சுத்தான் இவ்வளவு சத்தமும்." காயில் இல்லை, கரண்ட் இல்லை! என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

அந்த வேரடியில் இன்னும் எத்தனை குஞ்சுகள் தம் முறைக்குக் காத்திருக்கின்றனவோ. மேலே சிமெண்டைப் பூசினால் அவை எப்படி வெளியே வரும்? நீ வராமல் போனால் எனக்கு மனசு ஆறாது. ஆனாலும் மரத்தில் கைவைக்க மாட்டேன். காருக்கு இந்த வீட்டில் வேறு ஓர் அடி இடம்கூடக் கிடையாது. நீயே யோசித்து முடிவு சொல்.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இதை வாங்கிப் படித்த உன் அண்ணி, "இடமில்லையா? என்னிக்காவது ரிப்பேர் பண்றேன்னு வாசல் பக்கம் பழைய மோட்டாரெல்லாம் குவிச்சு வச்சிருக்கீங்களே, அதத் தூக்கினா பஸ்ஸே நிக்கும்" என்கிறாள். பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிட்டேன். நீ காரோடேயே வா. அந்த மோட்டார்களை அவர் வண்டியில் ஏற்றும்போது நான் மரத்தடிக்குப் போய்விடுவேன். அங்கே வேறெந்தச் சத்தமும் காதில் விழாது.